செல்ஃப் அடிக்கிறது, செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை: ஈசிஎம் போய்விட்டதா?

தென்காசியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்:

“அண்ணா, வணக்கம். அப்பா வாங்கிய 2006 மாடல் மாருதி ஆல்டோவை நான் ஓட்டுகிறேன். சாரல் ஆரம்பித்ததிலிருந்து தொல்லை. சில நாள் சாவி போட்டால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. அந்த நேரத்தில் மீட்டரில் செக் எஞ்சின் விளக்கும் எரிவதில்லை. ஒரு மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் எல்லாவற்றையும் உருவிப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை. மெக்கானிக் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, சென்னைப் புதுப்பேட்டையில் பழையது வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறார். அது எங்கே இருக்கிறது? சீட்டுக்கு அடியில் என்று ஒருவர் சொன்னார், அங்கே இல்லை. நானே கழற்றிப் பார்க்கலாமா? வேறு ஃபியூஸ் பெட்டி ஏதாவது உண்டா? மாமாவிடம் பழைய மாருதி 800 இருக்கிறது, அதிலும் இந்த ஈசிஎம் இருக்குமா? இன்னொன்று, இடது பக்கக் கால்மிதி அடிக்கடி ஈரமாக இருக்கிறது, கதவு ரப்பர் மாற்ற வேண்டும் போல. ஹாரனுக்கு 15 ஆம்பியர் கிடைக்காமல் 30 போட்டிருக்கிறேன், பரவாயில்லையா?”

தம்பி, வணக்கம். கால்மிதி ஈரத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் ஈசிஎம்மை விலை பேசுவதை நிறுத்தி வையுங்கள்.

விளக்கிலிருந்து தொடங்குவோம். சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஆனில் நிறுத்தினால் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். இந்த விளக்கை எரிய வைப்பது ஈசிஎம். கூடவே பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ‘ஙொய்ங்’ என்று ஓடி நிற்கும். அதை ஓட்டும் ரிலேவுக்கு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுக்கு, உத்தரவு கொடுப்பதும் ஈசிஎம்தான். விளக்கு எரிந்து, பம்பும் ஓடி, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஈசிஎம் விழித்திருக்கிறது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். விளக்கும் இல்லை, பம்ப் சத்தமும் இல்லை என்றால் ஈசிஎம் எழுந்திருக்கவே இல்லை. நீங்கள் விளக்கைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை தொல்லை வரும்போது பம்ப் சத்தத்தையும் கவனியுங்கள். மீட்டரில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிகின்றனவா என்றும் பாருங்கள். எல்லாமே இருட்டாக இருந்தால் சாவி சுவிட்சிலிருந்தே கரன்ட் வரவில்லை, கதை வேறு.

ஈசிஎம் எழுந்திருக்கவில்லை என்பதும் ஈசிஎம் செத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. வீட்டில் டிவி ஓடவில்லை என்றால் முதலில் கரன்ட் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம், டிவியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக மாட்டோம். பட்டறைகளில் மட்டும் என்னவோ நேர்மாறாக நடக்கிறது. பெட்டிக்குக் கரன்ட் வராமல் இருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகி உள்ளே இருக்கும் 5 வோல்ட்டை இழுத்துச் சாப்பிடலாம். இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் பெட்டியின் மேல் பழி போட வேண்டும்.

முதலில் ஃபியூஸ். நீங்கள் பார்த்தது ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பது. பானட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கும். பேட்டரியிலிருந்து வண்டிக்குள் போகும் கரன்ட் முழுவதும் முதலில் அந்த மெயின் ஃபியூஸ்களைத் தாண்டித்தான் வருகிறது. இவற்றில் சில வகை ஸ்க்ரூ போட்டு முடுக்கியவை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் அந்த ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். இழுத்து உருவவும் முயலாதீர்கள், அடிப்பெட்டி உடைந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இவ்வளவு பழைய ஆல்டோவில் யாராவது ஒருவர் ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ஃபாக் லேம்ப், அலாரம் என்று ஏதாவது மாட்டியிருப்பார். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனியாக ஒரு சிவப்பு வயர் ஓடி, நடுவில் டேப் சுற்றிய ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று தொங்கும். அதில் அலாரம்தான் ஆபத்தானது. திருடன் வண்டியை எடுக்க முடியாதபடி இக்னிஷன் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே போட்டிருப்பார்கள். அந்த மலிவு ரிலே பழசானால் உங்கள் வண்டிக்கு வந்த அதே நோய் வரும். எல்பிஜி கிட் போட்டிருந்தால் அதற்கும் தனி ஃபியூஸ், தனிப் பெட்டி உண்டு. கிட் போட்டவர் எஞ்சின் வயரிங்கிலும் கை வைத்திருப்பார். அப்பாவிடம் கேளுங்கள், இந்த வண்டியில் என்னென்ன மாட்டினார் என்று. பாதி நேரம் விடை அங்கேயே கிடைக்கும்.

ஃபியூஸை உருவிக் கண்ணால் பார்த்தேன் என்கிறீர்கள். அது போதாது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. உருவவே வேண்டாம். பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு புள்ளிகளில் உலோகம் தெரியும், அது சோதிப்பதற்கென்றே விட்டது. மல்டிமீட்டரின் கறுப்பு வயரை வண்டியின் பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் வையுங்கள். சாவியை ஆன் செய்து, சிவப்பால் இரண்டு புள்ளிகளையும் தனித்தனியாகத் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் சுமாருக்கு வந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஃபியூஸ் போயிற்று. இரண்டிலும் இல்லை என்றால் ஃபியூஸைக் குறை சொல்லாதீர்கள், அதற்கு மேலே எங்கோ கரன்ட் நின்றுவிட்டது. இதையே ஒருவரை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லிக்கொண்டும் பாருங்கள். சாவி சுவிட்சின் உள் பாயின்ட் தேய்ந்திருந்தால் ஆனில் வரும் கரன்ட் ஸ்டார்ட்டில் காணாமல் போகும். நிறைய பேர் தவற விடுவது இதைத்தான்.

எந்த ஃபியூஸ் எதற்கு என்று பெட்டி மூடியின் உட்புறத்தில் இருக்கும். மூடி தொலைந்திருந்தாலும் சோதனை எளிது, எல்லாவற்றையும் வரிசையாகத் தொட்டுவிடுங்கள், மொத்தமே கொஞ்சம்தான். ஒரு சின்ன விஷயம்: பல பழைய கார்களில் ஈசிஎம்மின் ஞாபகத்துக்கு எப்போதும் போய்க்கொண்டிருக்கும் கரன்ட், உள் விளக்கு ஃபியூஸ் வழியாகவே போகும். உள் விளக்கு எரியாததை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஃபியூஸ் சரி என்றால் அடுத்து மெயின் ரிலே, ஈசிஎம்முக்குக் கரன்ட்டைத் திறந்து விடுவது. சாவியை ஆன் செய்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கும் இடத்தில் விரலை வைத்தால் அதிர்வும் தெரியும். பக்கத்தில் அதே நம்பர், அதே கால் அமைப்புள்ள ரிலே வேறு வேலைக்கு இருந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

பிறகு எர்த். ஈசிஎம்மின் எர்த் வயர்கள் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் மேலேயே ஒரு போல்ட்டில் வந்து முடியும். யாராவது எஞ்சின் வேலை பார்த்துவிட்டு அந்த வயரை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது துருப்பிடித்த இடத்திலேயே முடுக்கியிருப்பார்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயர் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முடுக்குங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட பெட்டி. ஆல்டோவில் ஈசிஎம் இடது பக்கம், முன் சீட்டில் உட்காருபவரின் காலுக்கு மேலே, குளோவ் பாக்ஸ் பகுதியில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டையான பெட்டி. ஆனால் அந்தப் பக்கம் தொங்கும் ஒவ்வொரு பெட்டியும் ஈசிஎம் என்று நினைத்துவிடாதீர்கள். மின் பவர் ஸ்டீயரிங் உள்ள மாடல் என்றால் அதற்கு ஒரு பெட்டி உண்டு. சென்ட்ரல் லாக்குக்கு ஒன்று இருக்கும். அடையாளம் காண ஒரே வழி வயரைப் பிடித்துப் போவது. எஞ்சின் பக்கத்தில் இன்ஜெக்டர், சென்சார் எல்லாவற்றின் வயரும் சேர்ந்து ஒரு தடித்த கட்டாகி, ஃபைர்வாலில் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) ஒரு கறுப்பு ரப்பர் வளையத்துக்குள் நுழையும். எந்தப் பக்கம் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டு, வண்டிக்குள் அதே இடத்தில் டார்ச் அடியுங்கள். அந்தத் தடித்த கட்டு போய் முடியும் பெட்டிதான் ஈசிஎம். அதன் கப்ளரில்தான், அதாவது வயர்கள் வந்து செருகும் பிளக்கில்தான், வயர்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கும். மேலே நீளமான எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீட்டுக்கு அடியில் என்று சொன்னவரும் முழுப் பொய் சொல்லவில்லை. எந்த வண்டியைப் பார்த்துச் சொன்னாரோ. பெட்டி இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் அது முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்து மழைத்தண்ணீர்த் தட்டுக்குள் இருக்கிறது. இலை தழை சேர்ந்து தண்ணீர் வடிகால் அடைத்துக்கொண்டால் பெட்டி குளிக்கும். 1990களின் மெர்சிடஸ் டபிள்யூ124இல் பேட்டரிக்குப் பின்னால் தனி அறை கட்டி அதற்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு வண்டிக்குச் சொன்ன இடம் இன்னொன்றுக்கு உதவாது. அதனால்தான் வயரைப் பிடித்துப் போகச் சொல்கிறேன், அது எந்த வண்டியிலும் பொய் சொல்லாது.

மாமாவின் 800 கார்புரேட்டர் மாடலாக இருந்தால் இந்த எஞ்சின் கன்ட்ரோல் பெட்டியைத் தேடி அவர் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டாம். 1999இல் டில்லி சுற்றுவட்டாரத்தில் பதிவாகும் கார்களுக்குப் புதிய புகை வரம்பை உச்ச நீதிமன்றம் விதித்தது. அதையொட்டித்தான் நம் ஊர் பெட்ரோல் கார்கள் கார்புரேட்டரை விட்டு, ஈசிஎம் சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐக்கு வேகமாக மாறின. ஆல்டோ என்ற மாடலே 2000இல்தான் வந்தது, உங்களுடையதும் அந்தத் தலைமுறைக்காரன்.

இனி ஈரக் கால்மிதிக்கு வருகிறேன். ஆல்டோவில் ஏசியின் கூலிங் காயிலும் அதே இடது பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதில் சொட்டும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக ஃபைர்வாலைத் தாண்டி ரோட்டில் விழ வேண்டும். குழாய் தூசியும் சேறும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி வண்டிக்குள் வழியும். ஈசிஎம்மும் அதன் கப்ளரும் வயர்களும் அங்கேயேதான் இருக்கின்றன. மழை நாளில் தொல்லை, ஒரு மணி நேரம் காய்ந்தால் சரி, இடது பக்க மேட் ஈரம், விளக்கு எரியாதது: நான்கையும் சேர்த்துப் பார்த்தால் கப்ளருக்குள் ஈரம் போகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். கதவு ரப்பருக்குக் காசு செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். மழை இல்லாத நாளில் வண்டியை நிறுத்தி வைத்து அரை மணி நேரம் ஏசி ஓட விடுங்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, மேட் நனைகிறது என்றால் குழாய் அடைப்பு. கீழிருந்து மெல்லிய பிளாஸ்டிக் வயரை விட்டுக் குத்தி எடுங்கள், கம்பி வேண்டாம், கிழித்துவிடும். ஏசி குழாய் நன்றாக இருந்தால் வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் இலை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குவளையில் தண்ணீர் ஊற்றி உள்ளே யாராவது கவனிக்கட்டும். மேட்டில் இருக்கும் ஈரம் பிசுபிசுவென்று நிறத்தோடு, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது மழையும் இல்லை, ஏசியும் இல்லை, ஹீட்டர் பக்கம் கூலன்ட் ஒழுகுகிறது. அதை உடனே பட்டறையில் காட்டுங்கள்.

நீங்களே கழற்றலாமா என்று கேட்டீர்கள். கழற்றலாம், அவசரப்படாமல். சாவியை எடுத்துவிடுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். ஸ்டீரியோவுக்கு கோட் உண்டென்றால் முதலில் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குளோவ் பாக்ஸைக் கழற்றி, பெட்டியைத் தாங்கும் போல்ட்டை எடுத்து, கப்ளரின் லாக்கை அழுத்திக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் புதுக் கோளாறு ஒன்றை உண்டாக்கிவிடுவீர்கள். பின்களை விரலால் தொட வேண்டாம். மற்ற வண்டிகளில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ தென்பட்டால் அது ஏர்பேக். அதன் பக்கமே போகாதீர்கள்.

கப்ளருக்குள் டார்ச் அடியுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய விடுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள். சிலர் கிரீஸ் எண்ணெய் எதையாவது பூசிவிடுவார்கள், அதுவும் வேண்டாம். பெட்டியின் உள்ளே தண்ணீர் போயிருக்கும் என்று தோன்றினால் மூடியைத் திறந்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையரின் சூடு வேண்டாம். போர்டில் கருகிய இடமோ தடம் அரித்துப் போனதோ தெரிந்தால் அதற்கு மேல் நீங்கள் தொட வேண்டாம், ஈசிஎம் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் எலிக்கு அவ்வளவு வசதி.

திரும்ப மாட்டும்போது வயர் கட்டு கப்ளருக்குக் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறிக் கப்ளருக்குள் போகும்படி விடுங்கள். வயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், கப்ளருக்குள் ஏறாது. கம்பெனியில் அப்படித்தான் விட்டிருப்பார்கள். ஸ்டீரியோ மாட்டியவர் இழுத்து டேப் சுற்றியதில் அது போயிருக்கும்.

எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் சென்சார் சோதனை. ஈசிஎம் த்ராட்டில் சென்சாருக்கும், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கும் 5 வோல்ட் அனுப்புகிறது. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும், வயர் உரசிப் பாடியில் தொட்டாலும் அந்த 5 வோல்ட் படுத்துவிடும். சில வண்டிகளில் பெட்டியே செத்தது போல நடிக்கும். சாவியை ஆஃப் செய்து, சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஆன் செய்து விளக்கைப் பாருங்கள். ஒன்றைக் கழற்றியதும் விளக்கு எரிந்தால் அதுதான் ஆள். ஈசிஎம் மாற்றியும் வண்டி சரியாகாமல் பட்டறை மாறி வரும் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். இந்தச் சோதனைகளுக்குப் பழைய குண்டு பல்பு டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் கரன்ட்டை ஈசிஎம்மின் மெல்லிய சர்க்யூட் தாங்காது. மல்டிமீட்டர் போதும்.

கடைசியில் பெட்டிதான் போயிருக்கிறது என்று உறுதியானால் புதுப்பேட்டைப் பெட்டி தப்பில்லை. நீங்கள் எடுத்த படத்தில் இருக்கும் எண்ணும் அதன் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கப்ளர் பொருந்துகிறதே என்று வாங்கிவிடாதீர்கள். சாவியில் இம்மொபைலைசர் (சொந்தச் சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியாக இருந்தால் வேறு வண்டியின் பெட்டி உங்கள் சாவியை ஏற்காது, அதைச் சேர்த்துப் பதிய ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். மாட்டிப் பார்த்து வேலை செய்யவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் காசு கொடுங்கள். தண்ணீர் ஒழுகலை நிறுத்தாமல் மாட்டினால் அடுத்த சாரலில் அதுவும் போய், இன்னொன்றைத் தேடி அங்கேயே போக வேண்டி வரும்.

ஹாரன் ஃபியூஸ் விஷயம் மட்டும் இன்றைக்கே. ஃபியூஸின் ஆம்பியர் அந்த வயரின் தடிமனைப் பார்த்து வைத்தது. 15 இருக்க வேண்டிய இடத்தில் 30 போட்டால் ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன் வயர் உருகும், அதுவும் டேஷ்போர்டுக்குள், நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது. 15 ஆம்பியர் நீல நிறம். சிவப்பு 10, மஞ்சள் 20, பச்சை 30. உங்கள் பெட்டியில் ஹாரன் இடத்தில் இப்போது பச்சை உட்கார்ந்திருக்கும். எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் நீலம் கிடைக்கும். நான்கைந்து வாங்கி குளோவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். நீலத்தைப் போட்டதும் அது எரிந்து போனால் திரும்பப் பச்சைக்குப் போகாதீர்கள். ஹாரன் வயர் எங்கோ உரசுகிறது, ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.